குத்தகை நிலமும் சட்டமும்: காவிரி டெல்டாச் சாகுபடிதாரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டெல்டாவில் வயலில் இறங்கி உழுபவர் ஒருவர், பட்டாவில் பெயர் உள்ளவர் வேறொருவர் என்பது சாதாரணம். கடன், காப்பீடு, வெள்ள நிவாரணம், நெல் கொள்முதல் எல்லாம் பெயரைப் பார்த்தே வருகின்றன. எந்த வயலில் எதை நடுவது, வடிகால் வெட்டுவதா வேண்டாமா என்பதைக்கூடக் குத்தகைச் சட்டம்தான் மறைமுகமாகத் தீர்மானிக்கிறது. குத்தகைதாரரும் நில உரிமையாளரும் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

டெல்டாவில் இவ்வளவு நிலம் குத்தகையில் இருப்பது ஏன்? ஜமீன் ஒழிப்பில் இது தீரவில்லையா?

தீரவில்லை. 1948-ஆம் ஆண்டின் 26-ஆவது சட்டம் ஜமீன்களை ஒழித்து, பட்டாதாரர் நேரே அரசுக்கு வரி கட்டும் ரயத்துவாரியாக மாற்றியது. 1963-இல் வந்த சட்டங்கள் இனாம்களையும் (மானியமாகக் கொடுத்த நிலங்களையும்) அப்படியே மாற்றின. ஆனால் தஞ்சையில் பெரும்பகுதி நிலம் அதற்கு முன்பே ரயத்துவாரியில்தான் இருந்தது. பட்டா மிராசுதார் எனப்படும் பெரிய நில உரிமையாளர் பெயரிலும், கோயில், மடங்களின் பெயரிலும் இருந்தது. உழுதவர்கள் குத்தகைதாரர்களாகவும் பண்ணையாட்களாகவும் இருந்தார்கள். இடைத்தரகரை நீக்கிய சட்டம், பட்டாதாரரான மிராசுதாரைத் தொடவில்லை.

அந்த இடைவெளியை அடைக்க வந்தவைதான் 1952-ஆம் ஆண்டின் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1955-ஆம் ஆண்டின் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1956-ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டம் ஆகியவை. கேரளம் வேறு வழியில் போனது. அங்கே 1.1.1970 முதல் குத்தகை முறையையே ஒழித்து, உழுபவருக்கு உரிமை கொடுத்தார்கள். தமிழ்நாடு கொடுத்தது உரிமை அல்ல, பாதுகாப்பு. நிலம் உரிமையாளருடையதுதான். ஆனால் குத்தகைதாரரை நினைத்தபோது வெளியேற்ற முடியாது, நினைத்த அளவு குத்தகை வாங்கவும் முடியாது. குத்தகைதாரர் என்று நிரூபிக்க முடிந்தவருக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. டெல்டாவின் பாதி வழக்குகள் இந்த ஒரு இடத்தில்தான் பிறக்கின்றன.

சட்டப்படி ‘சாகுபடி குத்தகைதாரர்’ யார்?

இன்னொருவர் நிலத்தைக் குத்தகை ஒப்பந்தத்தின் பேரில் பயிரிடுபவர், அதில் தானோ தன் குடும்பத்தாரோ உடலுழைப்பைச் செலுத்துபவர். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கலாம், நடைமுறையிலிருந்து ஊகிக்கக்கூடியதாகவும் இருக்கலாம். குத்தகைக் காலம் முடிந்த பிறகும் நிலத்தில் தொடர்பவர் இதில் அடங்குவார். அவர் இறந்தால், உடலுழைப்பைத் தொடரும் வாரிசும் அடங்குவார்.

வரப்பில் நின்று ஆள் விட்டு மேற்பார்வை மட்டும் செய்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. பத்து ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து மூன்று பேருக்கு உள்குத்தகை விட்டவருக்கும் கிடைக்காது. கணவர் இறந்தபின் நிலத்தைத் தொடரும் பெண்களை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பதும் இதைத்தான்: ‘நீங்கள் வயலில் இறங்கி வேலை பார்த்தீர்களா?’ நடவும் களையெடுப்பும் உழைப்புதான். அதைத் தயங்காமல் வாக்குமூலத்தில் சொல்ல வேண்டும்.

விளைச்சலைப் பங்கு பிரிப்பது வாரம், இத்தனை மூட்டை என்று முன்கூட்டியே பேசிவிடுவது கட்டுக்குத்தகை. இரண்டும் குத்தகையே. ஒத்தி அப்படியல்ல. பணம் கொடுத்து, அது திரும்பும்வரை நிலத்தை அனுபவிப்பது அடமானம். ஒத்திக்காரர் குத்தகைதாரர் ஆகமாட்டார்.

வாய்ப்பேச்சுக் குத்தகை செல்லுமா?

செல்லும். ஆனால் ‘இவர் கூலிக்கு வந்தவர்’ என்று உரிமையாளர் சொன்னால் மறுக்கக் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. 1955-ஆம் ஆண்டுச் சட்டமே குத்தகைச் சீட்டை மூன்று படிகளாக எழுதச் சொல்கிறது. ஒன்று உரிமையாளருக்கு, ஒன்று குத்தகைதாரருக்கு, மூன்றாவது தாலுகா அலுவலகத்துக்கு. கையெழுத்தாகிப் பதினைந்து நாளுக்குள் அந்த மூன்றாவது படி அங்கே போய்ச் சேர வேண்டும். ஊர்களில் இது அனேகமாக நடப்பதில்லை.

எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயம் நிலத்தை என்ன செய்கிறது என்று ஊர் ஊராகப் பார்க்கலாம். இரண்டு மூன்று போகத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுகிறார்கள், அல்லது அதே ஆளையே வேறு வயலுக்கு நகர்த்துகிறார்கள். சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்கள் குத்தகைக்கே விடாமல் தரிசாகப் போடுகிறார்கள், இல்லையென்றால் ஆள் தேவையில்லாத தைலமரமோ தேக்கோ வைத்துவிடுகிறார்கள். நெல் விளையும் நன்செய் இப்படித்தான் நெல்லிலிருந்து வெளியேறுகிறது.

அடுத்த ஆண்டு இந்த வயல் தன்னிடம் இருக்குமா என்று தெரியாதவர் அதில் பணம் போடமாட்டார். பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் பலன் அந்தப் போகத்தோடு நிற்காது. ஏரி வண்டல் அடித்தால் சில ஆண்டுகள் நிற்கும். வடிகால் வெட்டினால் இன்னும் நீண்ட காலம் பலன் தரும். ஓராண்டுக் குத்தகைக்காரருக்குக் கணக்கு கட்டுவது யூரியா மட்டுமே. அது அந்தப் போகத்திலேயே பச்சை காட்டிவிடும். ஒரே வாய்க்காலில் பாயும் இரண்டு வயல்களில் ஒன்றின் மண் பொலபொலவென்றும் மற்றொன்று இறுகியும் கிடந்தால், உழவரின் திறமையைக் குறை சொல்லுமுன் அவர் கையில் உள்ள குத்தகை எத்தனை ஆண்டுக்கு என்று கேட்டுப் பாருங்கள்.

குத்தகை உரிமையை அரசுப் பதிவேட்டில் ஏற்றுவது எப்படி?

1969-ஆம் ஆண்டின் 10-ஆவது சட்டம் இதற்காகவே வந்தது. விவசாய நிலக் குத்தகை உரிமைப் பதிவேடு என்று பெயர். தாசில்தாரே பதிவு அலுவலர்.

மனுவில் கிராமம், புல எண், உட்பிரிவு, பரப்பு, உரிமையாளர் பெயர், குத்தகை தொடங்கிய ஆண்டு, குத்தகை அளவு ஆகியவை இருக்க வேண்டும். கூடவே கிடைக்கிற எல்லா ஆதாரத்தையும் வையுங்கள். குத்தகை ரசீது, பழைய அடங்கல் (பயிர்ப் பதிவேடு) நகல், கூட்டுறவுச் சங்கக் கடன் ரசீது, உரம் வாங்கிய பில், காப்பீட்டுப் பிரீமியம் கட்டிய சீட்டு, நெல் விற்ற ரசீது எல்லாம் பயன்படும். தாசில்தார் உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்பி, கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கையைப் பெற்று, இரு தரப்பையும் பக்கத்து வயல்காரர்களையும் விசாரித்து உத்தரவு போடுவார். அதன்மீது கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு உண்டு, அதற்கு மேல் சீராய்வும் உண்டு. குத்தகைதாரரா இல்லையா என்பதை முடிவு செய்வது இந்த வரிசைதான். அதற்காக நேரே உரிமையியல் நீதிமன்றம் போனால், சட்டத்தில் உள்ள தடையைக் காட்டித் திருப்பிவிடுவார்கள்.

மனு தோற்பது பெரும்பாலும் சின்னச் சின்னக் காரணங்களால். ரசீதில் புல எண் இருக்காது. 45/2 என்று பழைய ரசீதில் இருக்கும், உட்பிரிவுக்குப் பிறகு அது 45/2B ஆகியிருக்கும், இரண்டையும் இணைக்க நில அளவைப் புத்தக வரைபடத்தை யாரும் வைத்திருக்கமாட்டார்கள். பட்டா இறந்துபோன தாத்தா பெயரிலேயே கிடக்கும், நோட்டீஸ் யாருக்கு அனுப்புவது என்று கோப்பு தூங்கும். அல்லது குத்தகைப் பதிவு அப்பா பெயரில் இருக்கும், மகன் அதைத் தன் பெயருக்கு மாற்றியிருக்கமாட்டார். மனு எழுதுமுன் சிட்டா, அ-பதிவேடு (ஊர் நிலங்களின் அடிப்படைப் பதிவேடு), புல வரைபடம் மூன்றையும் எடுத்து எண்களை ஒப்பிட்டுவிட்டால் இதில் பாதி தீர்ந்துவிடும்.

அடங்கலில் எதைப் பார்க்க வேண்டும்?

சிட்டா யாருடைய நிலம் என்று சொல்லும். அடங்கல் அந்தப் பசலியில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, யார் சாகுபடி என்று சொல்லும். பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. 2024 ஜூலையில் தொடங்கியது 1434-ஆம் பசலி. குறுவை, சம்பா, தாளடி ஒவ்வொன்றும் அந்தந்தப் போகத்தில் பதிவாக வேண்டும்.

பயிராய்வுக்குக் கிராம நிர்வாக அலுவலர் வரும்போது வயலில் இருங்கள். பிறகு நகல் எடுத்துப் பாருங்கள். குத்தகைதாரர் பெயர் விட்டுப்போயிருந்தால் அதே பசலிக்குள் மனு கொடுப்பது சுலபம். பசலி மூடியபின் திருத்துவது பெரும்பாடு. ஒரு ஆண்டு அடங்கல் மட்டும் உரிமையை நிலைநாட்டிவிடாது. ஆனால் ஐந்து, ஆறு பசலி தொடர்ந்து பெயர் இருந்தால் அதை உடைப்பது எதிர்த்தரப்புக்குக் கடினம்.

நியாயக் குத்தகை எவ்வளவு?

1956-இல் நன்செய்க்கு 40 சதவீதம் வரை உரிமையாளருக்கு என்று இருந்தது. பிறகு வந்த திருத்தம் அதை 25 சதவீதமாக்கியது. ‘சாதாரண மொத்த விளைச்சலில்’ கால்பங்கு உரிமையாளருக்கு, முக்கால்பங்கு குத்தகைதாரருக்கு. சாகுபடிச் செலவு குத்தகைதாரருடையது.

மாக் கணக்கில் பார்ப்போம். ஒரு மா என்பது ஏறத்தாழ 33 சென்ட், மூன்று மா ஓர் ஏக்கர். மாவுக்கு 60 கிலோ மூட்டையில் 10 மூட்டை சாதாரண விளைச்சல் என்றால் 600 கிலோ. கால்பங்கு 150 கிலோ, அதாவது இரண்டரை மூட்டை. ஏக்கருக்கு ஏழரை மூட்டை. இதற்கு மேல் கேட்டால் குத்தகை நீதிமன்றத்தில் நியாயக் குத்தகையை நிர்ணயிக்கச் சொல்லி மனு செய்யலாம். மழையிலோ வறட்சியிலோ விளைச்சல் பெரிதும் விழுந்த ஆண்டில் குறைத்துக் கேட்கவும் வழி உண்டு. அதற்கு அந்த ஆண்டின் பயிர்ச் சேதக் கணக்கெடுப்பில் உங்கள் புல எண் இருப்பது முக்கியமான ஆதாரம்.

உரிமையாளர் குத்தகையை வாங்க மறுக்கிறார். என்ன செய்வது?

இது பெரும்பாலும் பொறி. வாங்காமல் இருந்துவிட்டு, மூன்று போகம் கழித்து ‘பாக்கி’ என்று வெளியேற்ற மனு போடுவார்கள். மறுத்த அந்தப் போகத்திலேயே, குத்தகை வழக்குகளை விசாரிக்கும் வருவாய் நீதிமன்றத்தில் உரிமையாளர் கணக்கில் வைப்புச் செய்துவிடுங்கள். நெல்லாகக் கொடுப்பதாக இருந்தால் வைப்புச் செய்யும் நாளின் சந்தை விலையைப் பணமாகக் கட்டலாம். செலான் நகலைப் பத்திரமாக வையுங்கள்.

உரிமையாளர் இறந்து வாரிசுகளுக்குள் தகராறு இருந்தாலும் இதே வழிதான். மகன் கேட்கிறார் என்று அவரிடம் மட்டும் கொடுத்துவிடுவார்கள். மகள்களுக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 25.3.1989 முதல், அன்று திருமணம் ஆகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை வந்தது. 9.9.2005 முதல் மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. நாளை மகள் வந்து ‘என் பங்கு பாக்கி’ என்றால் மகன் கொடுத்த ரசீது முழுதாகக் காப்பாற்றாது.

எந்தக் காரணத்துக்காக வெளியேற்ற முடியும்?

நான்கு காரணங்கள். குத்தகை பாக்கி, நிலத்துக்கோ பயிருக்கோ கேடு செய்வது, விவசாயம் அல்லாத வேலைக்குப் பயன்படுத்துவது, உரிமையாளரின் உரிமையையே வேண்டுமென்று மறுப்பது. கடைசியில் உள்ளதை மறந்துவிடாதீர்கள். ‘மூன்று தலைமுறையாக நாங்கள்தான் உழுகிறோம், இது எங்கள் நிலம்’ என்று கோபத்தில் பதில் மனுவில் எழுதினால், இருக்கிற பாதுகாப்பும் போய்விடும்.

இவற்றுக்கும் வருவாய் நீதிமன்ற உத்தரவு வேண்டும். பாக்கி என்றால் கட்டுவதற்கு அவகாசம் கொடுக்க அதற்கு அதிகாரம் உண்டு. உத்தரவில்லாமல் டிராக்டரை விட்டு உழுது வெளியேற்றினால், இரண்டு மாதத்துக்குள் நிலத்தைத் திரும்பக் கேட்டு மனு செய்ய வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்து பேசிக்கொண்டே அந்த இரண்டு மாதத்தைத் தவற விடுபவர்கள் நிறைய. பேசுங்கள், ஆனால் மனுவைப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

கடனும் காப்பீடும் குத்தகைதாரருக்குக் கிடைக்குமா?

ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதி.

மத்திய அரசின் உதவித்தொகையான பி.எம். கிசான் ஆண்டுக்கு 6,000 ரூபாய், நிலம் பெயரில் உள்ளவருக்கு மட்டும். குத்தகைதாரருக்கு இல்லை.

கூட்டுறவுப் பயிர்க்கடனைக் குத்தகைதாரரும் கேட்கலாம். அடங்கலும் குத்தகைச் சீட்டும் தேவை. உரிமையாளரே அந்தப் புல எண்ணில் கடன் வாங்கியிருந்தால் சங்கம் மறுத்துவிடும். அப்போது குத்தகைதாரர் நகையை அடகு வைக்கிறார். 2021-இல் தமிழக அரசு 16.43 லட்சம் பேரின் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. அதில் பயன் பெற்றவர், யார் பெயரில் கடன் இருந்ததோ அவர். அடகுக் கடையில் வட்டி கட்டி உழுதவருக்கு அதில் எதுவும் இல்லை.

பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரருக்கு உரிமை உண்டு. சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டும் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். அடிக்கடி கெடுவது இங்கே: உரிமையாளரும் குத்தகைதாரரும் ஒரே புல எண்ணுக்குத் தனித்தனியே பிரீமியம் கட்டிவிடுவார்கள், இழப்பீடு நின்றுவிடும். கட்டுமுன் இருவரும் பேசி, யார் கட்டுவது என்று முடிவு செய்யுங்கள்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாக எடை போட்டு, பணத்தை வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். சிட்டாவும் அடங்கலும் கேட்பார்கள். கிராம நிர்வாக அலுவலரின் சான்றில் குத்தகைதாரர் பெயர் இல்லையென்றால், நெல்லைக் களத்தில் குவித்துவிட்டு உரிமையாளரின் ஆதாருக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் அலைய வேண்டும். பணம் அவர் கணக்குக்குப் போய், குத்தகையைக் கழித்துக்கொண்டு மீதி வரும். மழை இருட்டிக்கொண்டு வரும் நாளில் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டு இந்தக் காகிதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அறுவடைக்கு முன்பே சான்றை வாங்கி வையுங்கள்.

கோயில் நிலத்துக் குத்தகைக்கும் இதே சட்டமா?

வேறு. இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் உள்ள கோயில்களுக்கு ஏறத்தாழ 4.78 லட்சம் ஏக்கர் நிலம் உண்டு. பொது அறக்கட்டளைகளின் விவசாய நிலங்களுக்கு 1961-ஆம் ஆண்டின் 57-ஆவது சட்டம் தனியாக உள்ளது. அதிலும் நியாயக் குத்தகை, வெளியேற்றுவதற்கான நடைமுறை எல்லாம் உண்டு. ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் ஒப்புதல் வேண்டும்.

இங்கே செய்யக்கூடாத ஒன்று, குத்தகை உரிமையை விலைக்கு வாங்குவது. ‘அனுபவ பாத்தியதை’ என்று முத்திரைத் தாளில் எழுதி லட்சக்கணக்கில் கைமாறுகிறது. கோயில் அதை ஏற்காது, வாங்கியவர் ஆக்கிரமிப்பாளர் ஆகிவிடுவார். எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் காலாவதிச் சட்டம் அவருக்கு உதவாது. பதிவான குத்தகைதாரர் இறந்தால் வாரிசு உடனே பெயர் மாற்ற மனு கொடுத்து, பாக்கியைத் தீர்த்துவிட வேண்டும்.

நில உச்சவரம்புச் சட்டம் நடைமுறையில் என்ன செய்தது?

1961-ஆம் ஆண்டின் 58-ஆவது சட்டம் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வைத்தது. 1970-இல் அது 15 ஆனது. 15.2.1970 அந்தக் கணக்கின் நாள். தர ஏக்கர் என்பது தீர்வையை (நில வரியை) வைத்துக் கணக்கிடுவது. நல்ல நன்செய் என்றால் 15 தர ஏக்கர் 12 ஏக்கருக்கே முடிந்துவிடும், மட்டமான புன்செய் என்றால் 60 ஏக்கர் வரை போகும். பெண்களின் சீதனச் சொத்துக்குத் தனியாக 10 தர ஏக்கர். சமயம் சார்ந்த பொது அறக்கட்டளைகளுக்கு விலக்கு. இந்த விலக்கும் உறவினர் பெயருக்கு மாற்றியதும் சேர்ந்து, எதிர்பார்த்த உபரி நிலத்தைப் பெரிதும் குறைத்தன.

இன்றைக்கு உச்சவரம்பு பெரும்பாலானவரைத் தொடுவதில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சராசரிப் பண்ணை அளவு 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. ஆனால் நிலம் வாங்குபவர் கவனிக்க வேண்டும். அரசு உபரி நிலமாக எடுத்து ஒப்படை செய்தது (நிலமற்றவருக்கு ஒதுக்கியது), தானமாகப் பெற்றுப் பிரித்துக் கொடுத்த பூதான நிலம், 1892-க்குப் பிறகு ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம் எல்லாம் நிபந்தனையோடு வந்தவை. பஞ்சமி நிலத்தை முதல் பத்து ஆண்டு விற்கக்கூடாது, அதன்பிறகும் அதே பிரிவினருக்கே விற்கலாம். வில்லங்கச் சான்றில் இது தெரியாது. அ-பதிவேட்டின் குறிப்புக் கலத்தையும் பழைய ஒப்படை ஆணையையும் தாலுகா அலுவலகத்தில் பாருங்கள்.

நான் உரிமையாளர். நிலம் போய்விடாமல் குத்தகைக்கு விட வழி உண்டா?

இந்தக் கேள்வியை எதிரியின் கேள்வியாகப் பார்க்கக்கூடாது. அரை ஏக்கர் வைத்துள்ள ஓய்வுபெற்ற ஆசிரியரும் உரிமையாளர்தான். சட்டம் உரிமையை மாற்றவில்லை. பட்டா உங்களுடையதாகவே இருக்கும். போய்விடும் என்று நீங்கள் அஞ்சுவது கைவசம்தான். எழுதாமல் விடுவதால் அது தவிர்க்கப்படாது. அடங்கலும் சாட்சியும் இருந்தால் வாய்ப்பேச்சுக் குத்தகையும் பதிவாகிவிடும்.

2016-இல் நிதி ஆயோக் ஒரு மாதிரிக் குத்தகைச் சட்டத்தை வெளியிட்டது. ஆந்திரம் 2019-இல் சாகுபடிதாரர் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. பதினொரு மாத ஒப்பந்தம், கிராம அலுவலர் முன்னிலையில் கையெழுத்து, சாகுபடிதாரருக்கு அட்டை. அந்த அட்டை பயிர்க்கடன், காப்பீடு போன்றவற்றுக்குச் செல்லும், நிலத்தில் உரிமை எதையும் தராது. தமிழ்நாட்டுக்கு இப்படியொரு ஏற்பாடு அவசரமாகத் தேவை என்பது எங்கள் கருத்து. 1955-ஆம் ஆண்டுப் பாதுகாப்பைக் கைவிடாமல், அதற்கு வெளியே நிற்கும் வாய்ப்பேச்சுக் குத்தகைக்காரருக்கு மட்டும் இதைக் கொடுக்கலாம்.

நிலத்தை விற்றுவிட்டால், அல்லது அரசு எடுத்தால், குத்தகைதாரர் கதி?

விற்பனையால் குத்தகை முடிவதில்லை. வாங்கியவர் உரிமையாளர் இடத்துக்கு வருகிறார், அவ்வளவுதான். மனை போடுபவர்கள் ஒரு தொகை பேசி ‘விட்டுக்கொடுத்தேன்’ என்று எழுதி வாங்குவது வழக்கம். இதற்குச் சட்டத்தில் விகிதம் எதுவும் இல்லை. பதிவேட்டில் பெயர் உள்ளவருக்குப் பேரம் பேச வலு உண்டு. இல்லாதவருக்குக் கொடுத்ததுதான்.

2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம், மூன்று ஆண்டுக்கு முன்பிருந்தே அந்த நிலத்தை நம்பிப் பிழைக்கும் குத்தகைதாரரையும் விவசாயத் தொழிலாளரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கணக்கிடுகிறது. சமூகத் தாக்க ஆய்வுக்கு ஊரில் கூட்டம் போடும் நாளில் அடங்கல் நகலோடு போய்ப் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். பட்டாதாரர் பட்டியலில் உங்கள் பெயர் தானாக வராது.

குத்தகை ரசீது எப்படி இருக்க வேண்டும்?

அரைத்தாள் போதும், இவ்வளவு இருந்தால்:

‘பசலி 1434, சம்பா போகம். ...... கிராமம், புல எண் 45/2B, பரப்பு 1 ஏக்கர் நன்செய். மேற்படி நிலத்தின் குத்தகைதாரர் ...... அவர்களிடமிருந்து இந்தப் போகக் குத்தகை நெல் 450 கிலோ முழுதும் பெற்றுக்கொண்டேன். முன்பாக்கி இல்லை. நாள், கையெழுத்து, இரண்டு சாட்சி.’

‘முன்பாக்கி இல்லை’ என்ற வரியை விட்டுவிடாதீர்கள். ‘குத்தகைதாரர்’ என்ற சொல்லை எழுத மறுத்தால், குத்தகைத் தொகையை வங்கி வழியாக அனுப்பி, குறிப்பில் புல எண்ணையும் போகத்தையும் எழுதுங்கள். ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தால் அடுத்த மழைக்குள் மை கலங்கிவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து, ஒரு நகலும் எடுத்துக்கொள்ளுங்கள்.